புற்றின் ஓரத்தில் தண்மின்வளி



கிரேக்க மருத்துவர் இந்நோயை நண்டு என்றனர். கட்டியைச் சுற்றிப் புடைத்தெழுந்த குருதிக் குழாய்கள் நண்டின் கால்களைப்போல் அவர்தம் கண்ணுக்குத் தோன்றின. அந்நண்டே இலத்தீனத்திற் புகுந்து, பின்னர் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று உலக முழுதும் ஊர்ந்து திரிகின்றது. தமிழ் மருத்துவன் இதனை நண்டு என்னவில்லை, புற்று என்றான். வெளியே ஒரு முகடு; உள்ளே கண்ணுக்கெட்டாத அறைகள்; அறைக்கு அறை வழி. மேலே மண்வெட்டியால் வெட்டித் தள்ளினும் அடியிற் கூடு எஞ்சி நிற்குமாயின் மீண்டும் முகடு எழும். நோயின் தோற்றத்தைப் பார்த்தவன் இட்ட பெயர் நண்டு. அதன் நடத்தையைப் பார்த்தவன் இட்ட பெயர் புற்று.

இற்றைநாள் அறுவை மருத்துவரின் தலையாய இடர்ப்பாடும் இப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றது. கட்டியை அறுத்தெடுத்தல் கைதேர்ந்தார்க்குப் பெரும்பாலும் இயலும். ஆனால் அறுத்த இடத்தின் ஓரத்தில், நல்ல தசையோடு தசையாய்க் கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய சில உயிரணுக்களே பின்னொரு நாள் முகடாய் எழுந்து ஆளைக் கொல்கின்றன. அவ்வோரத்தை இன்னும் அகல அறுக்கலாமே எனின், நாவிலும் குரல்வளையிலும் மூளையிலும் அகல அறுத்தற்கு இடமேது? நாவின் பெரும்பகுதியை இழந்தவன் பேச்சை இழக்கின்றான். மூளையில் ஒரு விரற்கடை மிகுதியாய் அறுபட்டவன் நடையை இழக்கலாம், நினைவை இழக்கலாம். கதிர் மருத்துவமும் வேதி மருத்துவமும் எஞ்சியவற்றைத் துரத்திச் சென்று கொல்ல வல்லன. எனினும் நல்லுயிரணுக்களையும் உடன் வாட்டுகின்றன.

இந்த ஓரத்தில் நிறுத்தத்தக்க புதியதொரு துணையைக் கடந்த இருபதாண்டுகட்கு மேலாக அறிவியலார் ஆய்ந்து வருகின்றனர். அதுவே இவ்வுரையின் பொருளாகிய தண்மின்வளி. இது துணை மட்டுமே. இதனை மருந்தென்று கூறிப் பிற மருத்துவங்களைக் கைவிடச் சொல்வார் எவரேனும் வரின், அவர் நோயாளியின் பகைவர்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது. திண்மம், நீர்மம், வளி என்னும் மூன்று நிலைகள் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. வளியை மேலும் சூடேற்றினும், அதனூடே வலிய மின்னைச் செலுத்தினும், அதன் அணுக்களினின்று எதிர்மின்னிகள் கழன்று தனியே ஓடத் தொடங்குகின்றன. எதிர்மின்னியை இழந்த அணு நேர்மின்னேற்றம் உடையதாகின்றது. இவ்வாறு மின்னேறிய துகள்கள் நிரம்பி ஒளிவிடும் வளியே பொருளின் நான்காம் நிலை. ஆங்கில அறிஞர் வில்லியம் குரூக்சு 1879-இல் இதனை ஒளிர்பொருள் என்னும் கருத்தில் விளக்கினார். 1928-இல் அமெரிக்காவின் செனக்டடி நகரில் ஆய்வு செய்த இர்விங் இலாங்மூர் இதற்குப் பிளாசுமா என்று பெயரிட்டார். குருதிநீர் சிவப்பணுக்களையும் வெள்ளணுக்களையும் சுமந்து செல்லுதல்போல், இவ்வொளிவளியும் எதிர்மின்னிகளையும் மின்னேறிய அணுக்களையும் சுமந்து செல்கின்றது என்னும் ஒப்புமை பற்றியே குருதிநீரின் பெயரை இதற்கு இட்டார் என்று அவருடன் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் எழுதினார்.

ஆகவே ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு பொருளைச் சுமக்கின்றது. மருத்துவமனையில் 'பிளாசுமா' என்றால் ஒருவர் குருதிநீரை நினைப்பார். இயற்பியல் ஆய்வகத்தில் 'பிளாசுமா' என்றால் மற்றொருவர் மின்னலை நினைப்பார். இவ்விரண்டும் ஒரே அறைக்குள் வந்து சேராதவரை குழப்பமில்லை. இன்று வந்து சேர்ந்துவிட்டன. இக்குழப்பத்தைத் தமிழ் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன? குருதியில் இருப்பது குருதிநீர். மின்னேறிய வளி மின்வளி. சொன்ன அளவிலேயே பொருள் விளங்குகின்றது. தமிழில் அறிவியலுக்குச் சொல்லில்லை என்று ஓலமிடுவார், சொல் மிகுந்த மொழி எனத் தாம் போற்றும் ஆங்கிலம் இங்கே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபொருளுக்கு ஏங்குவதைக் காண்பாராக!

இனித் தண்மின்வளி என்பது யாது? கதிரவனும் விண்மீன்களும் வெம்மின்வளியால் ஆனவை. வானத்து மின்னல் வெம்மின்வளி. இரும்பை இணைக்கும் மின்பற்று வேலையிற் கண்ணைப் பறிக்கும் ஒளியும் அதுவே. அறுவை அறையிலும் இதன் வெப்பத்தைக் கருதியே முதலிற் பயன்படுத்தினர். ஆர்கான் வளியில் மின்னைச் செலுத்திக் குருதி ஒழுகும் இடத்தைச் சுட்டு அடைக்கும் முறை 1990-களிலேயே உள்நோக்குக் குழாய் மருத்துவத்தில் இடம்பெற்றது. அது சூடு போடுவது. இங்குப் பேசப்பெறுவது சுடாதது. தண் என்றது பனிபோற் குளிர்ந்தது என்னும் பொருளிலன்று. உடல் வெப்பத்தை ஒட்டியது, விரலை நீட்டினால் மெல்லிய காற்றென உணரத்தக்கது என்னும் பொருளில்.

மின்னலுக்கு உறவான ஒன்று விரலைச் சுடாதிருத்தல் எவ்வாறு? ஆர்கான் அணு ஒன்றின் எடை எதிர்மின்னியின் எடையைப்போல் ஏறத்தாழ 73,000 மடங்கு. மின்புலத்தால் உந்தப்பெற்ற எதிர்மின்னி பெருவிரைவில் ஓடி அணுவின்மேல் மோதுகின்றது. மோதித் தெறித்துப் போகின்றது. களிற்றின்மேல் எறிந்த கடுகு களிற்றை அசைப்பதில்லை. எனவே எதிர்மின்னிகளை மட்டும் தனியே அளந்தால் அவற்றின் வெப்பநிலை பல்லாயிரம் பாகையாக இருக்கும். அவற்றைச் சூழ்ந்துள்ள வளியோ அறை வெப்பத்தை விட்டு மிகுதியாய் ஏறுவதில்லை. மின்னை இடைவிடாது செலுத்தினால் கடுகு மழை களிற்றையும் சூடேற்றிவிடும். ஆதலின் நொடியின் மிகச் சிறு கூறுகளில் விட்டுவிட்டு மின்னைச் செலுத்துதலும், வளியை விரைந்து ஓடச் செய்தலும், இடையில் கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருளை வைத்து மின்னோட்டம் பெருகாமல் தடுத்தலுமாகிய முறைகளைக் கையாளுகின்றனர்.

இடையிற் கண்ணாடியை வைக்கும் அவ்வுத்தி புதியதன்று. 1857-இல் செருமானியர் வெர்னர் வான் சீமென்சு இம்முறையால் ஓசோன் வளியை ஆக்கினார். நோய்நுண்மங்களைக் கொல்லும் ஓசோனைக் கொண்டு 1906-இல் பிரான்சு நாட்டு நீசு நகரத்தார் தம் குடிநீரைத் தூய்மை செய்யத் தொடங்கினர். நுண்மங்களைக் கொல்லும் ஆற்றலுடையது உயிரணுக்களை என்செய்யும் என்னும் வினா எழ மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. ஆலந்து நாட்டு ஐந்தோவன் நகரில் ஈவா சிடோபல்சு என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2002-இல் ஊசி முனையில் ஒளிரும் மின்வளியை ஆக்கி, உயிருள்ள பொருளின் பரப்பைக் கெடுக்காமலே அதனைத் தொடலாம் எனக் காட்டினர். 2007-இல் பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர், தோலின் கரும்புற்று உயிரணுக்கள்மேல் இதனைச் செலுத்தி, அவை சுட்டெரிந்து சாவாமல் தாமே தம்மை முடித்துக்கொள்ளும் தன்மாய்வு நெறியிற் செல்வதைக் கண்டனர். செருமனியின் பால்டிக்குக் கடல் ஓரத்திலுள்ள கிரைப்சுவால்டு நகரின் மின்வளி ஆய்வு நிறுவனத்திற் பிறந்த, எழுதுகோல் வடிவான ஆர்கான் கருவி, 2013-இல் புண்ணுக்கும் தோல்நோய்க்குமான மருத்துவக் கருவியாக ஐரோப்பாவில் ஏற்பிசைவு பெற்றது. ஆறாப் புண்ணுக்கு அஃது இன்று அங்கே நடைமுறையில் உள்ளது. புற்றுக்கு அவ்வாறான பொது ஏற்பு அதற்கு அன்று கிட்டவில்லை. அதற்குரிய சான்று வேறு, அதற்குரிய உழைப்பும் வேறு.

இது புற்றணுவை எவ்வாறு கொல்கின்றது என்பதே இவ்வுரையின் நடுப்பகுதி. பலர் இதனைக் கதிர்வீச்சு என எண்ணுவர். புறவூதாக் கதிர் சிறிது உண்டு, மின்புலமும் உண்டு, எனினும் பெரும்பணி ஆற்றுவன அவையல்ல. கருவியின் முனையினின்று வெளிப்படும் மின்வளி, சுற்றியுள்ள காற்றோடு கலந்தவுடன், காற்றிலுள்ள உயிர்வளியும் வெடியவளியும் நீராவியும் உடைபட்டுப் புதிய கூறுகள் பிறக்கின்றன. இவற்றுட் சில, இணை இழந்த எதிர்மின்னியைத் தாங்கியவை. எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும் பசி உடையவை. நீர்மத்துள் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே வாழ்ந்து முடிபவை. வேறு சில நின்று நிலைப்பவை. புண் கழுவ மருந்துக் கடையில் விற்கும் நுரைக்கும் நீர்மமாகிய ஐதரசன் பெராக்சைடு அவ்வாறு நிலைப்பவற்றுள் ஒன்று.

உயிர்வளி உயிர் தருவது. இரும்பைத் துருவேற்றுவதும் அதுவே. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் உயிர்வளியைக் கொண்டு உணவை எரிக்கையில் அடுப்பினின்று பொறி பறப்பதுபோல் இத்தகைய துருவேற்றும் கூறுகள் உள்ளேயே பிறக்கின்றன. அவற்றை அவ்வப்போது அவித்தற்கென்று உயிரணு சில காவற் புரதங்களை வைத்திருக்கின்றது. நல்லுயிரணுவில் பொறியும் குறைவு, காவலும் போதியது. புற்றணுவின் வாழ்க்கை வேறு. அது வெறிபிடித்தாற்போல் பெருகுவது, ஓயாது எரிப்பது, ஆதலின் அதன் உள்ளே பொறி மிகுதி. அதன் காவலரெல்லாரும் முன்பே பணியில் முழுகிக் கிடக்கின்றனர். விளிம்புவரை நிறைந்த குடம் அது. அரைக்குடத்தில் ஒரு குவளை நீரை ஊற்றினால் ஒன்றும் நேர்வதில்லை. நிறைகுடத்தில் அதே குவளையை ஊற்றினால் வழிகின்றது. தண்மின்வளி ஊற்றுவது அந்த ஒரு குவளை. மரபிழை முறிகின்றது, உயிரணுவின் உலைக்கூடம் சிதைகின்றது, தன்மாய்வு தொடங்குகின்றது.

இதனோடு வேறு சில விளக்கங்களும் உள. புற்றணுக்கள் பலவற்றின் மேற்படலத்தில் நீர் புகும் வாயிற் புரதங்கள் மிகுதி. அவ்வாயில்களூடே ஐதரசன் பெராக்சைடும் நுழையும். மேலும், படலத்தைக் கட்டி நிறுத்தும் கொழுப்புவகையாகிய கொலசுடிரால் பல புற்றணுக்களிற் குறைவு. குறைந்த இடத்தில் துருவேறிய படலம் எளிதில் ஓட்டைபடும் எனப் பெல்சிய நாட்டு ஆண்ட்வெர்ப்பு நகர ஆய்வாளர் 2016-இல் கணினிவழிக் கணித்துக் காட்டினர். இவற்றுள் எது தலையாயது என்பதில் அறிவியலார்க்குள் இன்னும் ஒத்த முடிபில்லை. புற்றணுவை மட்டும் கொல்லும், நல்லணுவைத் தொடவே தொடாது என்று சிலர் முரசறைவது மிகை. மிகுதியாய் ஊற்றினால் அரைக்குடமும் வழியும். சில புற்றுவகைகள் எளிதிற் சாகின்றன. சில முரண்டு பிடிக்கின்றன. எந்த நீர்மத்தில் உயிரணுக்களை வளர்த்தனர் என்பதைப் பொறுத்துங்கூட முடிவு மாறுகின்றது. அளவறிந்து ஊற்றுதலே இம்மருத்துவத்தின் கலை.

அடுத்த வினா ஆழம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பிய உயிரணுக்களைக் கொல்லுதல் ஒன்று. மாந்த உடலின் தசைக்குள் ஒளிந்திருப்பதைக் கொல்லுதல் மற்றொன்று. கூறுகள் பரப்பிலேயே செலவாகிப் போவனவாயின் ஆழத்திலிருக்கும் புற்றணு சிரித்துக்கொண்டிருக்கும். நெடுநாளாக, நிலைத்து நிற்கும் ஐதரசன் பெராக்சைடே ஆழத்திற் சென்று வேலை செய்கின்றது எனப் பலரும் நினைத்திருந்தனர். கிரைப்சுவால்டு நிறுவனத்தார், அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையோடும் இராசுடாக்கு நகர மருத்துவமனையோடும் சேர்ந்து, தசையை ஒத்த கூழ்மத்தால் ஆன மாதிரிக் கட்டிகளை அமைத்து ஆய்ந்து 2025-இல் வெளியிட்ட முடிவு அக்கருத்தை அசைத்தது. மிகக் குறுகிய வாழ்நாளுடைய பெராக்சிநைத்திரைட்டு போன்ற கூறுகளே பல மில்லிமீட்டர் ஆழம் சென்று தாக்கின. ஐதரசன் பெராக்சைட்டின் பங்கு எண்ணியதினும் சிறிது. அவ்வாய்வில் அவர்கள் அறுவையையும் போன்மை செய்தனர்: மாதிரிக் கட்டியை வெட்டியெடுத்தபின் ஓரத்தில் எஞ்சிய உயிரணுக்கள்மேல் மின்வளியைச் செலுத்தினர், சுற்றுத் தசையிற் பரவியிருந்த அணுக்களிடத்து விளைவு வலிதாயிருந்தது. அறுவை மருத்துவர் அஞ்சும் அந்த ஓரத்தைக் குறித்தே அவ்வாய்வு அமைந்தது.

சில மில்லிமீட்டர் என்பது சிறிதே. வயிற்றின் உள்ளறைக்குள் எங்கும் பரவிய புற்றுக்குக் கருவியின் முனை எட்டாது. சப்பான் நாட்டு நகோயா பல்கலைக்கழகத்தார் அதற்கு வேறொரு வழி கண்டனர். மின்வளியை நோயாளிமேற் செலுத்தாமல், நீர்மத்திற் செலுத்தி, அந்நீர்மத்தை எடுத்துச் சென்று புற்றின்மேல் வார்க்கலாமே என்பது அவர்தம் எண்ணம். உயிரணு வளர்க்கும் நீர்மத்தை அவ்வாறு ஆக்கி, மூளைப் புற்றணுக்களைக் கொன்றதை 2011-இல் வெளியிட்டனர். பின்னர் 2016-இல், மருத்துவமனைகளில் நரம்புவழி ஏற்றும் இலாக்டேட்டுக் கரைசலையே அவ்வாறு மின்வளியூட்டலாம் எனக் காட்டினர். அதுவும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இங்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 'மின்வளி நீர்' என்று புட்டியில் அடைத்துக் குடிக்கச் சொல்லி நாளை எவரேனும் கடை விரிப்பராயின், அதற்கும் நகோயாவின் ஆய்வுக்கும் எள்ளளவும் உறவில்லை. புற்றுநோயாளியின் அச்சத்தை முதலாக வைத்து வாணிகம் நடத்துவார்க்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை.

மற்றொரு பயனும் ஆராயப்படுகின்றது. துருவேறிச் சாகும் புற்றணு, சாகுங்காலத்துத் தன் மேற்படலத்தில் சில புரதங்களை வெளிக்காட்டுகின்றது. உள்ளே மறைந்திருக்க வேண்டியவை வெளிப்படுதலைக் கண்ட காவலணுக்கள் ஐயுற்று நெருங்குகின்றன, அயலதென்று இனங்காண்கின்றன. புற்றணுவின் பெருந்திறனே உடலின் காவலுக்குத் தன்னைத் தன்னவனாகக் காட்டிக் கொள்ளுதல்தான். அவ்வேடம் கலைந்தால், மின்வளி எட்டாத இடத்துப் புற்றணுக்களையும் உடலே தேடிச் சென்று தாக்கலாம். 2020-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இலாசு ஏஞ்செலிசுக் கிளையினர், உட்டுளை உடைய நுண்ணூசிகளால் ஆன ஒட்டுத்தாள் ஒன்றைச் சுண்டெலியின் தோற்புற்றின்மேல் ஒட்டி, அதன்வழி மின்வளியையும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தையும் ஒருங்கே செலுத்தினர். தொட்ட கட்டி ஒடுங்கியதோடு, தொடாத கட்டியின் வளர்ச்சியும் தடைப்பட்டது. சுண்டெலியில் வென்றவை பல மாந்தனிடம் தோற்றிருக்கின்றன என்பதையும் உடன் நினைவிற் கொள்ளுக.

மாந்தரிடம் கண்டது என்ன? கிரைப்சுவால்டில் முகமும் கழுத்தும் வாயும் சார்ந்த முற்றிய புற்றுடையார் சிலர்க்கு இம்மருத்துவம் செய்யப்பட்டது. அவர்கள் பிற மருத்துவங்களால் மீட்க இயலா நிலையினர். கட்டி வெடித்துப் புண்ணாகி, அதில் நுண்மங்கள் குடியேறி, தாங்கொணா நாற்றம் வீசும் நிலை அது. அந்நாற்றத்தின் துயரை மருத்துவ நூல்கள் ஒரு வரியில் எழுதிச் செல்லும். வீட்டில் அத்தகைய நோயாளியை வைத்துப் பார்த்தவர்க்கே அது விளங்கும்: மனைவி சோறூட்ட வந்து முகத்தைத் திருப்புகின்றாள், பேரப்பிள்ளைகள் அறைப்பக்கம் வருவதில்லை, வந்தோர் திண்ணையிலேயே நலம் உசாவிச் செல்கின்றனர், நோயாளிக்கு எல்லாம் தெரிகின்றது, சொல்ல வாய்தான் இல்லை. மின்வளியைப் புண்ணின்மேல் செலுத்தி வந்தபோது பலர்க்கு நுண்மங்கள் குறைந்து நாற்றம் தணிந்தது. சிலர்க்கு வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஒரு சிலர்க்குக் கட்டியே சில திங்கள் ஒடுங்கியிருந்தது. அவர்களுள் நோய் முற்றும் நீங்கிப் பிழைத்தார் என்று கூறத்தக்கார் இலர். ஆயினும் சாகுமுன் பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒருவர்க்கு மீட்டுத் தருவதைச் சிறிதென்று தள்ளுதற்கு மனம் வருமோ?

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டு மருந்து ஆளுமையகம் 2019-இல் இசைவளித்த ஓர் ஆய்வு, சிக்காகோ நகரத்து மருத்துவமனை ஒன்றிலும் இசுரேல் நாட்டு மருத்துவமனை ஒன்றிலும் நடைபெற்று, 2023-இல் அதன் முடிவு வெளியாயிற்று. முற்றிய, அல்லது மீண்டெழுந்த திண்கட்டிகள் உடைய 20 பேர் அதிற் பங்கு பெற்றனர். முதலில் கட்டி அறுத்தெடுக்கப்பட்டது. பின்னர், வயிற்றையோ மார்பையோ மூடுமுன், அறுத்த ஓரத்தின்மேல் ஈலியம் வளியாலான தண்மின்வளி வீசப்பட்டது. அவ்விடத்து வெப்பநிலை 26 முதல் 30 பாகை செல்சியசு அளவினதாகவே இருந்தது. அருகிலிருந்த நல்ல உறுப்புகட்குக் கேடு நேரவில்லை. இது முதற்கட்ட ஆய்வு. முதற்கட்ட ஆய்வு என்பது 'இடர் இல்லையா' என்று மட்டுமே வினவுவது. 'நோய் திரும்பாமல் தடுத்ததா' என்று வினவுவதற்கு 20 பேர் போதார். பல நூற்றுவரை இருகூறாக்கி, ஒரு கூற்றார்க்கு அறுவை மட்டும், மறு கூற்றார்க்கு அறுவையோடு மின்வளியும் தந்து, ஆண்டுக் கணக்கிற் பின்தொடர்ந்து ஒப்பிட்டாலன்றி அவ்வினாவுக்கு விடையில்லை.

இதில் தமிழ்நாட்டிற்கு என்ன உறவு எனலாம். தண்மின்வளி பரப்பில் வேலை செய்வது. ஆகவே கண்ணாற் காணத்தக்க, கருவி எட்டத்தக்க இடத்துப் புற்றே அதற்கு முதலில் ஏற்றது. வாயும் நாவும் கன்னமும் அத்தகையன. புகையிலையை மென்று மென்று கன்னத்தில் அடக்கும் பழக்கம் பரவிய இந்நிலப்பரப்பில் ஆடவரைத் தாக்கும் புற்றுகளுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கின்றது. நாட்டு மருத்துவர் கன்னப்புற்று என்று தனிப்பெயர் இட்டதும் அதன் மிகுதி பற்றியே போலும். பெண்டிரைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றும், அது புற்றாய் முற்றுமுன் தோன்றும் திசுமாற்றமும், கருவி எட்டும் இடத்தனவே. செருமனியின் தூபிங்கன் நகரத்தார் அம்முன்னிலையில் இதனை ஆய்ந்து வருகின்றனர். மின்வளி பற்றிய ஆய்வுக்கென்றே இந்திய அரசின் நிறுவனம் குசராத்தின் காந்திநகரில் 1986 முதல் உள்ளது. ஆகவே என்றேனும் ஒருநாள் இம்மருத்துவத்தின் ஆய்வு தமிழ் நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் என்பது கற்பனையன்று.

அன்று நடப்பது என்ன? மாந்தரிடத்துச் செய்யும் மருந்தாய்வுகள் பற்றி இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வுக்கு உட்படுவோர்க்கு அவர் விளங்கிக்கொள்ளும் மொழியிலேயே எல்லாவற்றையும் எடுத்துரைத்து எழுத்தில் இசைவு பெறுதல் வேண்டும். சட்டம் தமிழ் நோயாளிக்குத் தமிழ்த்தாளைத் தருகின்றது. அத்தாளில் என்ன தமிழ் இருக்கும்? 'கோல்டு அட்மாசுபெரிக் பிளாசுமா தெரபி' என்று ஆங்கிலத்தை அப்படியே தமிழெழுத்தில் இறக்கி வைத்தால் சட்டம் நிறைவுறும். நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. 'பிளாசுமா' என்றதும், முன்பு உறவினர் ஒருவர்க்குக் குருதிநீர் ஏற்றியதை நினைத்து, தமக்கும் யாருடைய குருதிநீரையோ ஏற்றப் போகின்றனர் என்று எண்ணிக் கைந்நாட்டு இடுவார். அவர் இசைந்தது ஒன்றுக்கு. அவருக்குச் செய்வது வேறொன்றை. தனித்தமிழ் என்பது புலவர் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வார் அந்தப் படுக்கையருகே ஒரு நாழிகை நின்று பார்க்கட்டும்!

அத்தாள் எழுதுதற்கு அரிதன்று. இவ்வாறு எழுதலாம்:

"உங்கள் வாயிலுள்ள கட்டி முதலில் அறுத்து எடுக்கப்படும். அறுத்த இடத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றைக் கொல்லும் நோக்குடன், மின்னேற்றிய வளியைச் சில மணித்துளிகள் அவ்விடத்தின்மேல் வீசுவோம். இது சுடாது. இது குருதியோ குருதிநீரோ அன்று. உங்கள் உடலுக்குள் எதுவும் ஏற்றப்படாது. இதுவரை சிலரிடம் செய்து பார்த்ததில் பெருங்கேடு காணப்படவில்லை. நோய் திரும்பி வாராமல் இது தடுக்கும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. அதனை அறிதற்கே இவ்வாய்வு. இதற்குப்பின் உங்களுக்கு வழக்கமாகத் தரவேண்டிய கதிர் மருத்துவமும் வேதி மருத்துவமும் நிறுத்தப்படமாட்டா. இதற்கு இசைய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் உங்கள் மருத்துவத்தில் ஒரு குறையும் வாராது. விளங்காத இடம் ஏதேனும் இருப்பின், கையெழுத்து இடுமுன் கேளுங்கள்."